பழைய டிஜிட்டல் போட்டோ பிரேமில் லினக்ஸ்: உள்ளே ஏறாவிட்டால் வெளியே வையுங்கள்

உங்கள் கேள்வியின் சாரம் இது. குன்னூருக்கு அருகே தேயிலைத் தோட்டத்தை ஒட்டிச் சிறிய தங்கும் விடுதி ஒன்று நடத்துகிறீர்கள். 2009 வாக்கில் உறவினர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த 7 அங்குல டிஜிட்டல் போட்டோ பிரேம் பரணில் கிடக்கிறது. எஸ்டி கார்டுக்கும் பென் டிரைவுக்கும் இடம் உண்டு, வைஃபை இல்லை. அதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றி வரவேற்பு மேசையில் வைத்து, தோட்டத்துப் படங்களுக்கு நடுவே அன்றைய மழையளவையும், மலை ரயில் ஓடுகிறதா என்ற தகவலையும், உணவு நேரத்தையும் தமிழில் காட்ட விரும்புகிறீர்கள். முடியுமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து வைஃபை இல்லாத பிரேமுக்குள் லினக்ஸ் ஏறும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் நீங்கள் கேட்கும் வேலை முழுவதும் அந்தப் பிரேமிலேயே நடக்கும். அதன் பென் டிரைவ் துளையில், பென் டிரைவாக நடிக்கும் ஒரு சிறிய லினக்ஸ் கணினியைச் செருகினால் போதும். பிரேமின் உள்ளே ஒரு பைட்டைக்கூட மாற்ற வேண்டியதில்லை. கோத்தகிரியில் என் மேசைக்கு வரும் பழைய பிரேம்களில் பெரும்பாலானவற்றுக்கு நான் சொல்லும் வழி இதுதான். இருந்தாலும் உங்கள் பிரேம் விதிவிலக்காக இருக்கலாம். அதனால் அதைக் கண்டறியும் வழியிலிருந்து தொடங்குகிறேன்.

லினக்ஸ் ஓடுவதற்கு நினைவகத்தைப் பிரித்து ஆளும் அலகு கொண்ட செயலி வேண்டும். லினக்ஸின் மையநிரலான கெர்னலின் இன்றைய வடிவத்துக்கு 32 எம்பி நினைவகமாவது வேண்டும். 64 எம்பி இருந்தால் சற்று மூச்சு விடலாம். நாம் எழுதிய நிரலை அந்தச் செயலி ஏற்றுக்கொள்ள ஒரு வாசலும் வேண்டும். பழைய பிரேம்கள் இந்த மூன்றிலுமே தடுக்கின்றன. ஏஎம்லாஜிக் 6210 போன்ற சில்லுகள் ஜேபெக் படத்தை விரித்துத் திரைக்கு அனுப்புவதற்கென்றே செய்யப்பட்டவை. அவற்றில் ஓடுவது தயாரிப்பாளர் எழுதிய சிறு நிரல்; அதற்குச் சில எம்பி நினைவகமே போதும் என்பதால் அதற்குமேல் வைத்திருக்கவும் மாட்டார்கள். நினைவக மேலாண்மை அலகு இல்லாத செயலிகளுக்கான யூசிலினக்ஸ், கெர்னலின் 2.5 தொடரிலேயே சேர்ந்துவிட்டது என்பது உண்மைதான். ஆனால் சில்லின் உள்ளமைப்பு விவரம் வெளியாகாதபோது அது இருந்தும் பயனில்லை.

திறந்து பார்க்காமல் எதையும் தீர்மானிக்க முடியாது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் பின்பக்கத் திருகுகளைக் கழற்றுங்கள். ரப்பர் பாதங்களுக்கும் ஒட்டுத்தாளுக்கும் அடியில் திருகு ஒளிந்திருக்கும். பிறகு விளிம்புக் கொக்கிகளைப் பழைய ஏடிஎம் கார்டால் மெல்ல நெம்புங்கள். கத்தியோ ஸ்குரூ டிரைவரோ வேண்டாம்; திரையின் ரிப்பன் கேபிள் விளிம்பை ஒட்டியே போகும், ஒரு கீறல் பட்டால் திரை போயிற்று. உள்ளே பெரிய சில்லின் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து ஃபிளாஷ் நினைவகத்தைத் தேடுங்கள். அது எட்டுக் கால் கொண்ட குட்டிச் சில்லாக, எண்ணில் 25 என்ற இலக்கங்களோடு இருந்தால், பெரும்பாலும் சில எம்பி கொள்ளும் வகை. அங்கே லினக்ஸுக்கு இடமில்லை என்று கொள்ளலாம். 48 கால் கொண்ட அகன்ற சில்லாக இருந்தால் அது பெரும்பாலும் அதிகம் கொள்ளும் நாண்டு ஃபிளாஷாக இருக்கும், நம்பிக்கைக்கு இடமுண்டு.

பலகையில் மூன்று நான்கு வெற்றுத் துளைகள் வரிசையாக இருந்து, அருகில் வெள்ளை எழுத்தில் அனுப்பு, பெறு, தரை என்பதற்கான குறிகள் தெரிந்தால் அது சீரியல் வாசல், அதாவது பலகை தன் செய்திகளைக் கணினிக்கு எழுத்தாக அனுப்பும் வழி. 3.3 வோல்ட் யூஎஸ்பி-சீரியல் கம்பியைக் கோத்து, 115200 வேகத்தில் கேட்டுப் பாருங்கள். பல பிரேம்கள் எழும்போது தம் சில்லின் பெயரையும் நினைவக அளவையும் தாமே சொல்லிவிடும். 5 வோல்ட் கம்பியைக் கோக்காதீர்கள்.

லினக்ஸோடு உறவாடத் தெரிந்த பிரேம்கள் சில உண்டு. ஏஆர்எம்9 சில்லு கொண்ட பாரட் டிஎஃப்3120 என்ற சிறிய புளூடூத் பிரேமில் ஆர்வலர்கள் லினக்ஸை ஓடவைத்தார்கள். 2008இல் வந்த சம்பி என்ற மேசைக் கருவி, பிரேம் என்ற பெயரில் விற்கப்படவில்லை என்றாலும் அந்த வேலையைச் செய்தது. உள்ளே இருந்ததே லினக்ஸ்தான். சாம்சங்கின் எஸ்பிஎஃப்-87எச் போன்றவை வேறு வகை. உள்ளே லினக்ஸ் ஏறாது, ஆனால் கணினியோடு யூஎஸ்பியில் இணைத்து ஒரு கட்டளை அனுப்பினால் துணைத் திரையாக மாறிவிடும். மாறும்போது அதன் யூஎஸ்பி தயாரிப்பு எண் 2033 என்பதிலிருந்து 2034 ஆகும். அதன்பின் 800க்கு 480 அளவுள்ள ஜேபெக் படங்களை அடுத்தடுத்து அனுப்பினால் உடனே காட்டும். சாவிக்கொத்தில் தொங்கும் குட்டி பிரேம்களில் ஏஎக்ஸ்206 என்ற சில்லு இருக்கும். அது 8051 வழிவந்த சின்னஞ்சிறு செயலி. அதன் உள்நிரலை மாற்றினால், கணினித் தகவலைச் சிறு திரைகளில் காட்டும் எல்சிடி4லினக்ஸ் நிரலுக்குத் திரையாக உதவும். உங்களுடையது இவற்றில் ஒன்றாக இருந்தால் அதிர்ஷ்டம்.

பிற்காலத்து ஆண்ட்ராய்டு பிரேம்களின் கதை வேறு. உங்களிடம் இருப்பது அதுவாக இருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் ஊட்டி, கூடலூர்ப் பக்கத்திலிருந்து இதே கேள்வி அடிக்கடி வருவதால் அதையும் எழுதிவிடுகிறேன். சில்லின் மேல் ஆல்வின்னர் ஏ13 அல்லது ஏ33 என்று இருந்தால் மகிழுங்கள். இந்தச் சில்லுகள் எழுந்தவுடன் முதலில் எஸ்டி கார்டைத்தான் பார்க்கும். கார்டின் தொடக்கத்திலிருந்து 8 கேபி தள்ளி, இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் ஏற்றுநிரல் இருந்தால் அதையே ஓட்டும். இல்லையென்றால்தான் உள் நினைவகத்துக்குப் போகும். ஆகவே கார்டில் லினக்ஸை வைத்துச் சோதித்துவிட்டு, பிடிக்கவில்லை என்றால் கார்டை உருவிவிடலாம். பழைய ஆண்ட்ராய்டு அப்படியே எழும். உள் நினைவகத்தில் எழுதும் ஆசையைத் தள்ளி வையுங்கள். ராக்சிப் சில்லுகள் உள் நினைவகத்தையே முதலில் பார்க்கும் என்பதால் அவற்றில் இந்தச் சௌகரியம் கிடையாது. அனுபவம் இல்லாதவருக்கு ராக்சிப்பை நான் பரிந்துரைப்பதில்லை.

ஏ33 பிரேமில் தொடங்குவதற்கு யூபூட் என்ற ஏற்றுநிரலில் உள்ள க்யூ8 டேப்லட்டுக்கான அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 800க்கு 480, 1024க்கு 600 என்ற இரு திரை அளவுகளுக்கும் தனித்தனியே இருக்கிறது. நினைவக வேகத்தை 432 மெகாஹெர்ட்ஸ் போலக் குறைத்து வைத்துத் தொடங்குங்கள். அதிக வேகம் முதல் நாள் ஓடும், பிறகு காரணமே தெரியாமல் நின்று போகும். சீரியலில் எழுத்துகள் ஓடி, திரை மட்டும் இருண்டோ கலங்கியோ இருந்தால், அது திரையின் நேரக் கணக்கு பொருந்தவில்லை என்பதற்கான அடையாளம். பலரும் கைவிடுவது இந்த இடத்தில்தான், ஆனால் கணக்கு எளியது. ஆண்ட்ராய்டு கோப்புகளுக்குள் இருக்கும் அமைப்புக் கோப்பில் அகலம், உயரம், மொத்தக் கிடைக் கணக்கு, மொத்தச் செங்குத்துக் கணக்கு, ஓரவெளிகள் எல்லாம் எழுதியிருக்கும். அழிப்பதற்கு முன் அதை எடுத்து வையுங்கள். அது கிடைக்காவிட்டால் திரையின் பின்னால் ஒட்டியிருக்கும் எண்ணைக்கொண்டு விவரத்தாளைத் தேடுங்கள். உதாரணமாக, ஏடி070டிஎன் வரிசையில் 800க்கு 480 திரைகளில் கிடையாக 800 புள்ளிகளோடு முன்பின் ஓரம் 46, 210 சேர்ந்து மொத்தம் 1056. செங்குத்தாக 480உடன் 23, 22 சேர்ந்து 525. நொடிக்கு 60 தடவை என்று பெருக்கினால் 3 கோடியே 32 லட்சத்துச் சொச்சம், அதாவது ஏறத்தாழ 33 மெகாஹெர்ட்ஸ். இதுவே புள்ளிக் கடிகாரத்தின் வேகம்.

படம் ஒரு பக்கம் நகர்ந்து நின்றால் ஓரவெளியில் தவறு. சாய்ந்து உருண்டு ஓடினால் மொத்தக் கணக்கில் தவறு. ஓரங்களில் மினுமினுவென்று புள்ளிகள் துடித்தால் கடிகாரத்தின் ஏறுமுனைக்கும் இறங்குமுனைக்கும் இடையே மாற்றிப் பாருங்கள். வானத்தின் நீலம் படிப்படியாகப் பட்டை விழுந்து தெரிந்தால், அந்தத் திரை நிறத்துக்கு 18 பிட் மட்டுமே வாங்குகிறது என்று பொருள். அது குறையல்ல, அப்படியே விடலாம்.

இனி உங்கள் பிரேமுக்கு வருவோம். ராஸ்பெரி பை ஜீரோ டபிள்யூ அல்லது ஜீரோ 2 டபிள்யூ என்ற விரல் நீள லினக்ஸ் கணினிப் பலகை ஒன்று போதும்; இனி அதைப் ‘பை’ என்றே சொல்கிறேன். இதன் யூஎஸ்பி வாசல் இரு பக்கமும் பேசக்கூடியது: கணினியாகவும் இருக்கும், இன்னொரு கருவிக்கு அடங்கிய பென் டிரைவாகவும் நடிக்கும். லினக்ஸ் கெர்னலில் இதற்கென்றே ஜி-மாஸ்-ஸ்டோரேஜ் என்ற கூறு இருக்கிறது. பையின் கார்டில் 512 எம்பி அளவுக்கு ஒரு கோப்பை உருவாக்கி, அதற்குள் பகிர்வு அட்டவணை (டிரைவின் பகுதிகளைக் குறிக்கும் பட்டியல்) ஒன்றும் ஃபேட்32 கோப்பமைப்பும் இட்டு, படங்களை நிரப்பி, அந்தக் கோப்பை அக்கூறிடம் ஒப்படைத்தால் போதும். பிரேமின் கண்ணுக்கு அது சாதாரண பென் டிரைவ். பகிர்வு அட்டவணையை விட்டுவிடாதீர்கள். அது இல்லாத டிரைவைப் பல பழைய பிரேம்கள் கண்டுகொள்வதில்லை.

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அந்தக் கோப்பைத் தொடக்கூடாது என்பது இதில் மீற முடியாத விதி. ஃபேட் கோப்பமைப்புக்கு இரண்டு எஜமானர்களைத் தெரியாது. பை ஒரு பக்கம் எழுத, பிரேம் மறுபக்கம் படித்தால் படங்கள் பாதி பாதியாகத் தெரியும், அடுத்த நாள் டிரைவே தெரியாது. எனவே புதிய தகவலைச் சேர்க்கும்போது முதலில் கூறை விலக்குங்கள். பிரேம், டிரைவை யாரோ உருவிவிட்டதாக நினைக்கும். பிறகு கோப்பைத் திறந்து எழுதி, முறையாக மூடி, கூறை மீண்டும் ஏற்றுங்கள். பிரேமுக்குக் கொடுக்கும்போது படிக்க மட்டும் என்ற நிலையில் கொடுப்பது நல்லது.

பலகையை வாங்கும் முன் சாதாரண பென் டிரைவ் ஒன்றைச் செருகிப் பாருங்கள். செருகியவுடன் படங்கள் தானாக ஓடத் தொடங்குகின்றனவா, அல்லது பட்டியலைக் காட்டிப் பொத்தானுக்காகக் காத்திருக்கிறதா? தானாக ஓடினால் வேலை பாதி முடிந்தது. காத்திருக்கும் வகை என்றால், ரிமோட்டின் வேலையைப் பையையே செய்யவைக்கலாம். அகச்சிவப்பு எல்ஈடி ஒன்றை ஒரு டிரான்சிஸ்டர் வழியாகப் பையின் காலில் கோத்து, ரிமோட்டின் சமிக்ஞையைப் பதிந்து திருப்பி அனுப்பும் வசதி கெர்னலிலேயே இருக்கிறது. அனேக ரிமோட்டுகள் 38 கிலோஹெர்ட்ஸில் பேசுபவை என்பதால் இது சிரமமில்லை.

மாற்றம் நடக்கும் ஒவ்வொரு முறையும் திரை சில நொடி தடுமாறும். ஆகையால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். செய்தி மாறினால் மட்டும் புதுப்பித்தால் போதும். உங்கள் விடுதிக்குக் காலையில் ஒன்று, தேவைப்பட்டால் மாலையில் ஒன்று.

படங்களைப் பொறுத்தவரை பழைய பிரேம்கள் பிடிவாதக்காரர்கள். படிப்படியாகத் தெளியும் வகை ஜேபெக்கைப் பெரும்பாலானவை திறக்காது. சாதாரண வகையில் சேமியுங்கள். செல்போன் படத்தில் திசைக் குறிப்பு மட்டும் இருக்கும், படம் உண்மையில் திரும்பியிருக்காது. பிரேம் அந்தக் குறிப்பைப் படிக்காமல் விருந்தினரைப் படுக்கவைத்துக் காட்டும். எனவே பையிலேயே படத்தை உண்மையாகத் திருப்பி, திரை அளவுக்குச் சுருக்கிக் கொடுங்கள். 12 மெகாபிக்சல் படத்தைக் கொடுத்துப் பிரேமைத் திணறவைப்பதும் இதனால் தவிரும். படங்கள் வரும் வரிசை பெயரைப் பொறுத்தது என்று நினைப்போம். ஆனால் பல பிரேம்கள் ஃபேட் அட்டவணையில் எழுதப்பட்ட வரிசையிலேயே காட்டும். எனவே ஒவ்வொரு முறையும் கோப்பைப் புதிதாக உருவாக்கி, வேண்டிய வரிசையில் நகலெடுத்தாலே ஒழுங்கு வந்துவிடும். மூன்று தோட்டப் படத்துக்கு ஒரு தகவல் பலகை என்ற கணக்கில் கலந்து வைத்தால் யாரும் அதிகம் காத்திருக்க வேண்டாம்.

திரை 480க்கு 234 புள்ளி கொண்ட பழைய வகையாக இருந்தால், ஒரு வட்டம் வரைந்து அனுப்பிப் பாருங்கள். அந்தத் திரைகளில் புள்ளிகள் சதுரமாக இருக்காது; வட்டம் முட்டையாகத் தெரிந்தால் அந்த விகிதத்தைப் பையில் சரிசெய்யுங்கள். எழுத்தின் அளவையும் அங்கே தாராளமாக வையுங்கள். தமிழில் ‘ஞ’, ‘ஐ’, ‘ஔ’ போன்றவற்றின் சுழிகள் சிறு அளவில் அடைபட்டுப்போகும். அத்தகைய திரையில் நான்கு வரிக்கு மேல் எழுதக்கூடாது என்பது என் கருத்து.

தமிழைத் திரையில் கொண்டுவருவதில் ஒரு பள்ளம் இருக்கிறது. பலர் விழுவதால் விரிவாகச் சொல்கிறேன். யூனிகோடில் ‘கெ’ என்ற எழுத்து, முதலில் ககரமும் பிறகு ஒற்றைக் கொம்புமாகச் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். ‘கொ’ என்றால் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து இருபுறமும் நிற்க வேண்டும். இதைச் செய்வது எழுத்துரு மட்டுமல்ல. எழுத்துகளை அடுக்கும் நூலகமும் வேண்டும், லினக்ஸில் அது ஹார்ஃப்பஸ். கட்டளை எழுதும் கறுப்புத் திரையான லினக்ஸ் முனையத்துக்கு அந்த அறிவே கிடையாது. அதிகபட்சம் 512 வடிவங்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக அச்சிடும். அதில் தமிழை எதிர்பார்ப்பது வீண். பைத்தான் நிரல்மொழியில் படம் வரையும் பில்லோ நூலகம் கொண்டு எழுதுபவர்கள், அதோடு எழுத்தை அடுக்கும் ராக்ம் நூலகம் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சேராவிட்டால் ‘கோத்தகிரி’ என்ற பெயரே உருக்குலைந்து வரும். எனக்குப் பிடித்த வழி, படங்களைக் கையாளும் இமேஜ்மேஜிக் நிரலில், எழுத்தை அடுக்கும் பாங்கோ நூலகம் மூலமாக எழுத்தைப் படமாக்குவது. எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழின் தடித்த வடிவம். இருண்ட பச்சைப் பின்னணியில் வெளிர் மஞ்சள் எழுத்து பழைய திரைகளில் நன்றாக எடுபடும். கோணம் மாறினால் நிறம் வெளுக்கும் மலிவான திரைகளில் வெண்பின்னணி வேண்டாம்.

தகவலை எங்கிருந்து எடுப்பது? மழையளவைத் தானாக இணையத்தில் தேடி எடுக்காதீர்கள். நம் மலையில் ஒரு வளைவுக்கு மழை, அடுத்த வளைவுக்கு வெயில். கூடலூர், தேவாலா பக்கம் தென்மேற்குப் பருவக்காற்றில் கொட்டித் தீர்க்கும்போது குன்னூரில் தூறலாக இருக்கும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் கனமழை வருவது பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில். ஊட்டிக்கான கணிப்பு உங்கள் வாசலுக்குப் பொருந்தாது. பக்கத்துத் தோட்டத்தில் மழைமானி இருக்கும். இந்திய வானிலைத் துறையின் வழக்கப்படி காலை 8.30 மணிக்கு அளப்பார்கள். அந்த எண்ணைக் கேட்டு வாங்கி, செல்போனிலிருந்து ஒரு வரியாகப் பைக்கு அனுப்புங்கள். உண்மையான எண்ணுக்கு விருந்தினரிடம் தனி மதிப்பு உண்டு.

ரயிலும் அப்படியே. மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் மலை ரயிலின் நேர அட்டவணையைக் காட்டுவதில் பயன் குறைவு. அது டிக்கெட்டிலேயே இருக்கிறது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே மண் சரிந்தோ மரம் விழுந்தோ அன்று சேவை ரத்தாகியிருக்கிறதா என்பதுதான் விருந்தினருக்கு வேண்டும். அதை நிலையத்தில் கேட்டு, கையால் ‘இன்று ஓடும்’ அல்லது ‘இன்று இல்லை’ என்று தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுத்த தேதியையும் பலகையில் காட்டுங்கள். நேற்றைய தகவல் இன்றையதாகத் தெரிவதைவிட, ‘தகவல் இல்லை’ என்று தெரிவது எவ்வளவோ மேல். இதற்காக, அன்று காலை புதுப்பிக்காவிட்டால் ரயில் வரி தானாக மறையும்படி நிரலை எழுதுங்கள்.

கூடவே அழுத்தமானி ஒன்றையும் சேர்த்து வானிலை சொல்லலாமே என்ற எண்ணம் வரும். குன்னூர் சுமார் 1850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் இயல்பாகவே 810 ஹெக்டோபாஸ்கல் அளவில்தான் நிற்கும். கடல்மட்டக் கணக்குக்கு மாற்றாமல் ஆயத்த நிரலிடம் கொடுத்தால், வருடம் முழுக்கப் புயல் என்று சொல்லும். உயரத்தைச் சேர்த்துத் திருத்தினால் ஓரளவு பயன் உண்டு.

இனி மலைக்கே உரிய சங்கடங்கள். முதலாவது மின்வெட்டு. மழைக்காலத்தில் கம்பியில் மரக்கிளை விழுந்தால் மின்சாரம் எப்போது போகும், வரும் என்று சொல்ல முடியாது. கார்டில் எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் மின்சாரம் போனால் கோப்பமைப்பு கெடும். பையின் அமைப்பு நிரலில் ஓவர்லே என்ற வசதியை இயக்கினால் கார்டு படிக்க மட்டும் என்றாகி, மாற்றங்கள் நினைவகத்தில் மட்டும் நிற்கும். படக் கோப்பையும் தகவல் வரிகளையும் மட்டும் தனிப் பகிர்வில் வையுங்கள். எழுதும்போது மட்டும் அதைத் திறந்து உடனே மூடுங்கள். ரவுட்டருக்கென்று விற்கும் மினி யூபிஎஸ் ஒன்று இருந்தால் இன்னும் நிம்மதி. ஆனால் அதன் வெளியீடு 12 வோல்ட்டா 9 வோல்ட்டா என்று பார்த்து, பைக்கு 5 வோல்ட்டாக இறக்கும் பலகையைச் சேருங்கள். பிரேமின் அடாப்டர் எத்தனை வோல்ட், நடுமுனை நேர்மின்னா எதிர்மின்னா என்பதையும் படித்துவிட்டுத்தான் எதையும் மாற்ற வேண்டும். பைக்கும் பிரேமுக்கும் தனித்தனி மின்சாரம் கொடுத்தால், இடையே போகும் யூஎஸ்பி கம்பியில் 5 வோல்ட் இழையைத் துண்டித்து, தரையையும் இரு தரவு இழைகளையும் மட்டும் விடுங்கள். இல்லையென்றால் ஒன்று மற்றொன்றுக்குள் மின்சாரத்தைத் தள்ளும்.

மின்சாரம் போய் வரும்போது இணையமும் போயிருக்கும். பைக்குத் தனிக் கடிகாரம் இல்லை. இணையம் வரும்வரை பழைய தேதியிலேயே நிற்கும். தேதியை நம்பி ரயில் வரியை மறைக்கும் நிரலுக்கு இது ஆபத்து. டிஎஸ்3231 என்ற கடிகாரப் பலகையைச் சேருங்கள், பட்டன் பேட்டரியில் ஆண்டுக்கணக்கில் ஓடும். மலிவான பலகைகளில் பேட்டரிக்கு மின்னேற்றும் சுற்று ஒன்று இருக்கும். நீங்கள் போடும் சிஆர்2032 மின்னேற்றக் கூடாத வகை என்பதால், அந்தச் சுற்றின் டயோடை அல்லது மின்தடையைக் கழற்றிவிடுங்கள்.

இரண்டாவது ஈரம். மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து எதன் மீதும் படியும் ஊர் நம்முடையது. இரவு அணைத்துக் குளிரவிட்டு, காலையில் போடும் கருவிகள்தான் சீக்கிரம் கெடுகின்றன. உள்ளே படிந்த நீர்த்துளியோடு மின்சாரம் சேர்ந்து ரிப்பன் இணைப்பானில் பச்சை பூக்கும். பிரேமை இரவிலும் அணைக்காமல், கறுப்புப் படம் ஒன்றைக் காட்டவிட்டு வெதுவெதுப்பாக வைத்திருங்கள். வெளிச்சுவரில் ஒட்டி மாட்டாதீர்கள். உள்சுவரில், பின்னால் விரல் அகல இடைவெளி விட்டு வையுங்கள். பாதுகாப்பு என்று எண்ணி, காடி வாசனை வரும் சிலிக்கான் பசையால் சந்துகளை அடைப்பவர்கள் உண்டு. அதிலிருந்து வெளிவரும் அசிட்டிக் அமிலம் செம்பை அரிக்கும். பரணில் கிடந்த பிரேமை முதல்முறை திறக்கும்போது இணைப்பான்களை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, ஒரு நாள் அடுப்பங்கரை வெதுவெதுப்பில் உலரவிட்டபின் மின்சாரம் கொடுங்கள்.

பிரேமின் பலகை செத்துப்போய்த் திரை மட்டும் நன்றாக இருந்தால் மட்டுமே திரையைக் கழற்றி வேறு பலகையில் மாட்டும் வழிக்குப் போங்கள். திரையை இயக்கும் ஆர்டிடி2660 சில்லு கொண்ட பலகைகள் எச்டிஎம்ஐ வழியாகப் பையோடு இணையும். ஆனால் திரையின் எண்ணுக்கு ஏற்ற பலகையைத்தான் வாங்க வேண்டும். 50 கால் ரிப்பன் கொண்ட திரை ஒன்றுக்கு 3.3 வோல்ட் மட்டும் போதாது. 10 வோல்ட் சொச்சம், 16 வோல்ட், மைனஸ் 7 வோல்ட் என்று பல மின்னழுத்தங்கள் வேண்டும், பின்னொளி எல்ஈடிகளுக்குத் தனியே 9 முதல் 10 வோல்ட். கால் எண்ணிக்கை பொருந்துகிறது என்பதற்காக மாட்டினால் திரை நொடியில் போய்விடும். 26 கால் கொண்ட 480க்கு 234 திரைக்கு, அந்த வகைக்கென்றே செய்த பலகை வேண்டும். அதன் தெளிவுக்கு அந்தச் செலவு தகாது என்பது என் எண்ணம். பின்னொளி எல்ஈடியாக இல்லாமல் மெல்லிய குழல் விளக்காக இருந்தால் அதில் பாதரசம் உண்டு. உடைக்காமல் மின்கழிவு வாங்குபவரிடம் சேருங்கள், குப்பையில் போட்டால் ஓடை வழியாக எங்கே போய்ச் சேரும் என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்து எனக்கு வேண்டியது மூன்று படங்கள்: பெரிய சில்லின் எண், திரையின் பின்புற ஒட்டுத்தாள், அடாப்டரின் மேல் அச்சிட்ட எழுத்து. பென் டிரைவைச் செருகியதும் படங்கள் தானாக ஓடுகின்றனவா என்பதையும் எழுதுங்கள். ஓடுகிறது என்றால் பை ஜீரோவுக்கான அமைப்புக் கோப்புகளையும், தமிழ்ப் பலகையை வரையும் நிரலையும் உங்கள் திரை அளவுக்கு எழுதி அனுப்புகிறேன்.